மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே: கல்முனைக் கரையில் மருந்தின் தடம்

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவரின் உடலை எரித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பெரியது நிலத்தடி நீர். அடக்கம் செய்தால் வைரஸ் மண்ணில் இறங்கும், கிணற்றைச் சேரும், ஊருக்குள் பரவும் என்றார்கள். அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. வேலிகளில் வெள்ளைத் துணி கட்டி மக்கள் தங்கள் மறுப்பைக் காட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் விதி தளர்ந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது.

2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தோடு வந்த குறிப்பு இரண்டு ஆய்வுகளைச் சுட்டியது. வைரஸ் நீர்நிலைகளைச் சேர்வது பிரதானமாக மனிதரின் மலசலக் கழிவு வழியாகத்தான், பாதுகாப்பான அடக்கத்தின் வழியாக அல்ல என்பது அவற்றின் முடிவு.

நிலத்தடி நீரின் பேரால் இவ்வளவு கொடிய முடிவை எடுத்த ஒரு நாட்டில், அந்த நீருக்குள் உண்மையில் என்ன இறங்குகிறது என்று தேடிப் பார்க்கும் ஏற்பாடு மிகச் சொற்பம். கிழக்குக் கரையில் அப்படித் தேடினால் விடை மையவாடியில் கிடைக்காது. வளவின் கோடியில் இருக்கும் மலசலகூடத்தில்தான் கிடைக்கும். அங்கிருந்து கிணற்றுக்குப் போகும் பாதையை அடையாளம் காட்டும் மிக நுட்பமான சாட்சி, நாம் விழுங்கும் மருந்துதான். அந்தச் சாட்சியை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, கல்முனைக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை ஒருசேரப் பார்க்க வேண்டிய காலம் இது.

முதலில் நிலம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வட்டை எனப்படும் வயல்வெளி. நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அந்த மணலுக்குள் மழை நீர் ஒரு வில்லையைப் போலத் தங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. சில முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தச் சுகம்தான் இந்த ஊர்களை வாழவைத்தது. இன்றைய ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. தண்ணீர் எட்டும் தூரத்தில் இருந்தால் அழுக்குக்கும் அது எட்டும் தூரம்தான்.

2004 டிசம்பர் 26 கடல்கோளில் இலங்கை மாவட்டங்களிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மிஞ்சியவர்கள் கரையை விட்டு உள்ளே நெருங்கினார்கள். உள்ளே வயல். ஆகவே இருந்த வளவுகளே துண்டுபட்டன. உம்மாவின் வளவு மகள்மாருக்குப் பிரிந்தது. சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் அது தவிர்க்க முடியாதது. ஒரு கிணறு, ஒரு மலசலகூடம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு, மூன்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 74 அடி. அனர்த்த நிவாரணத்தில் உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் வழிகாட்டி, கழிப்பறைக் குழிக்கும் நீர்மூலத்துக்கும் குறைந்தது 30 மீற்றர், அதாவது 98 அடி இடைவெளி கேட்கிறது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே நிற்க வேண்டும் என்றும் கேட்கிறது. பத்துப் பேர்ச்சில் குழியை ஒரு மூலையிலும் கிணற்றை எதிர் மூலையிலும் வைத்தாலும் அந்தத் தூரம் வராது. அப்படியே வைத்தாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டாரின் குழி நமது கிணற்றுக்குப் பத்தடியில் இருக்கும். மார்கழி மழையில் நீர்மட்டம் ஏறும்போது குழிக்கும் நீருக்கும் நடுவே மணல் மிஞ்சுவதே இல்லை. குழி நேராக நிலத்தடி நீரில் நிற்கும்.

இன்னொரு தோராயக் கணக்கு. ஒரு மனிதரின் உடல் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசனை வெளியேற்றுகிறது, அதில் பெரும்பகுதி சிறுநீரில். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 20 கிலோ. பாதி வாயுவாகிப் போய்விட்டது என்றே வைப்போம். மிஞ்சிய பத்துக் கிலோ மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறினால் 44 கிலோ. அந்தக் காணியில் ஆண்டுக்கு விழும் ஒன்றரை மீற்றர் மழையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் சுமார் 125 கனமீற்றர் நீர். குளித்தும் கழுவியும் ஊற்றும் குழாய் நீரைத் தாராளமாகச் சேர்த்து அதை 350 கனமீற்றராக ஆக்கினாலும், ஒரு லீற்றரில் நைத்திரேற்று 100 மில்லிகிராமைத் தாண்டுகிறது. எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கையின் குடிநீர் நியமம் அனுமதிக்கும் உச்சம் 50. இது எந்தக் கிணற்றிலும் அளந்த எண் அல்ல. ஆனால் குழியும் கிணறும் ஒரே மணலைப் பங்குபோடும் ஊரில் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை இது காட்டுகிறது.

குழியிலிருந்து கிணற்றுக்கு நோய் போகும் என்பதை உலகம் கண்டதும் இதே மாதிரியான ஓர் இடத்தில்தான். 1854இல் லண்டன் சோஹோவில், புரோட் வீதிக் குழாயடியைச் சுற்றிக் கொலரா சாவுகள் குவிவதை வைத்தியர் ஜோன் ஸ்னோ வரைபடத்தில் காட்டினார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதன் இரண்டாம் பாதி அதிகம் பேசப்படுவதில்லை. ஸ்னோவை முதலில் நம்பாத பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், வீடு வீடாக விசாரித்து, 40ஆம் இலக்க வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணி அலசிய நீர் அந்த வீட்டு மலக்குழியில் ஊற்றப்பட்டதை அறிந்தார். பிறகு தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் சுவர் சிதைந்திருந்தது. அங்கிருந்து கிணற்றுக்கு மூன்றடி கூட இல்லை.

ஸ்னோவிடம் சாவின் எண்ணிக்கை மட்டுமே சாட்சியாக இருந்தது. ஆள் செத்த பிறகு வரும் சாட்சி அது. அதன் பிறகு விஞ்ஞானம் முன்கூட்டியே பேசும் சாட்சியைத் தேடியது. மலத்தில் வாழும் ஈ.கோலை பற்றீரியா கிடைத்தது. இன்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் எடுத்துச் செல்லும் நீரில் முதலில் தேடப்படுவது அதுதான். 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஈ.கோலைக்கு இரண்டு குறை. ஆடு மாடு கோழியிடமிருந்தும் அது வரும். மணலுக்குள் சில வாரத்தில் செத்தும் போகும். ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஐம்பது நாள் நீரோட்டத் தூரத்தைக் காப்பு வலயமாக ஒதுக்குவது இந்தக் கணக்கில்தான். சில வைரஸ்கள் அதைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். ஈ.கோலை இல்லை என்பது நல்ல சேதி. அதை முழுச் சேதி என்று எடுக்க முடியாது.

மருந்து தற்செயலாகத்தான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரக் கழிவுநீரில், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையின் எச்சமான குளோபிப்ரிக் அமிலமும் அஸ்பிரின் எச்சமும் அளந்து காட்டப்பட்டன. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பேர்லினில் ஹான்ஸ்-யூர்கன் ஸ்டானும் தோமஸ் ஹெபரரும் நிலத்தடி நீரில் களைகொல்லி தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு களைகொல்லியின் அதே அணுக் கூட்டமைப்பும் வேறு வடிவமும் கொண்ட ஒரு பொருள் மாட்டியது. மீண்டும் அதே குளோபிப்ரிக் அமிலம். வயலில் தெளித்தது அல்ல. மனிதர் விழுங்கிக் கழித்தது. கழிவுநீர் கலந்த ஆற்றின் கரையிலிருந்து உறிஞ்சிய நீர், குழாய் வழியே அந்த நகரத்தின் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு தேடல் பெருகியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1999, 2000ஆம் ஆண்டுகளில் 139 ஓடைகளைச் சோதித்து, ஐந்தில் நான்கில் மருந்து, வாசனைப்பொருள், நுளம்புத் தைலம் போன்றவற்றின் எச்சங்களைக் கண்டது. 2022இல் வெளியான உலக ஆய்வு 104 நாடுகளில் 258 ஆறுகளைப் பார்த்தது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பினும், நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமினும், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபெயினும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. தமிழ்நாட்டில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் வலிநிவாரணிகள், கார்பமசெப்பின், சவர்க்காரங்களில் சேர்க்கும் திரைக்ளோசான் ஆகியவை பதிவாகியுள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் லிஜி பிலிப் குழு இரண்டாண்டுகள் காவிரியில் மாதிரி எடுத்து அதையே விரிவாக உறுதிசெய்தது.

இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பத்மலால் மானகேயின் குழு வைத்தியசாலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தேடிக் கண்டிருக்கிறது. வைத்தியசாலை என்றதும் கல்முனையில் கண் போவது அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் மீதுதான். பெரிய கட்டடம், பெரிய குழாய். பழியைப் போட வசதி. ஆனால் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எடுத்த கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. பெரும்பாலான மருந்துகளில் வைத்தியசாலையின் பங்கு சிறியது. பெரும்பங்கு வீட்டிலிருந்தே வருகிறது. யோசித்தால் விளங்கும். கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் வரிசையில் நின்று மெற்போமின் வாங்குபவர் அதை வார்ட்டில் விழுங்குவதில்லை. வீட்டில் விழுங்குகிறார், வீட்டுக் குழியில் கழிக்கிறார். மெற்போமின் உடலில் சிதைவதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே போனபடியே சிறுநீரில் வெளியே வரும். வைத்தியசாலைக்கே உரிய ஆபத்து வேறு: கடைசி வரிசை நுண்ணுயிர்க்கொல்லிகளும், அவற்றுக்கு மசியாத கிருமிகளும். அதற்காக வைத்தியசாலைக் கழிவுநீரைத் தனியே சுத்திகரித்தே வெளிவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் ஊர்க் கிணறு சுத்தமாகிவிடும் என்று எண்ணினால் அது பிழை.

எல்லா மருந்தும் சாட்சியாக நிற்காது. பனடோலும் கபெயினும் மண்ணில் வேகமாகச் சிதையும். கிணற்றில் அவை கிடைத்தால் கழிவு மிக அண்மையில் வந்தது, பாதை மிகக் குறுகியது என்று அர்த்தம். நுண்ணுயிர்க்கொல்லிகளில் அமொக்சிசிலின் தண்ணீரிலேயே உடைந்துவிடும். சிப்ரோபுளொக்சசின் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். கார்பமசெப்பின் எதற்கும் அசையாது. சுத்திகரிப்பு நிலையத்தையும் கடக்கும், மணலையும் கடக்கும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். 2009இல் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் அதைவிட எளிய ஒன்றைக் காட்டினார்கள். சீனியில்லாத சோடாவில் போடும் அசெசல்பேம் என்ற இனிப்பூட்டி. உடல் அதைத் தொடாமலே வெளிவிடும். ஆட்டிலும் மாட்டிலும் அது இல்லை, உரத்திலும் இல்லை. கிணற்றில் அது இருந்தால் மனிதரின் கழிவுநீர் அந்தக் கிணற்றுக்கு வந்திருக்கிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. ஜெர்மனியில் எம்.ஆர்.ஐ. படத்துக்காக நரம்பில் ஏற்றும் கடோலினியம் ஆற்றில் கலந்து, குழாய் நீரில் கலந்து, கடைசியில் துரித உணவுக் கடைகளில் அந்தக் குழாய் நீரால் கலக்கும் கோலாவிலும் அளக்கப்பட்டது.

சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கிணற்றைச் சுற்றி வட்டையும் இருக்கிறது. வயல் உரத்திலிருந்தும் நைத்திரேற்று வரும், குழியிலிருந்தும் வரும். நைத்திரேற்றை மட்டும் அளந்தால் விவசாயி குழியைக் காட்டுவார், வீட்டுக்காரர் வயலைக் காட்டுவார். மருந்தும் இனிப்பூட்டியும் அந்த வழக்கைத் தீர்க்கும். நைத்திரேற்றோடு இவையும் உயர்ந்தால் குழி. நைத்திரேற்று மட்டும் உயர்ந்து இவை இல்லாவிட்டால் பெரும்பாலும் வயல். ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது, இரண்டு மூன்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் பொது விதி.

மாதிரி எடுப்பதே தனிக் கலை. தேடுவது நனோகிராம் அளவு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கியதில் ஒரு பங்கு. போத்தல் பழுப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் மருந்து சிதையும். பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். எடுப்பவர் அன்று காலையில் பிளேன்ரீ குடித்திருக்கக் கூடாது, கையில் நுளம்புத் தைலம் பூசியிருக்கக் கூடாது. அந்தக் கையே நீருக்குள் கபெயினையும் தைலத்தையும் போட்டுவிடும். கூடவே சுத்தமான நீர் நிரப்பிய வெற்றுப் போத்தல் ஒன்றும் களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதில் ஏதும் தெரிந்தால் அன்றைய மாதிரிகள் எல்லாமே தள்ளுபடி.

அப்படித் தேடிக் கண்டுபிடித்த அளவு மனிதரைக் கொல்லுமா? பெரும்பாலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதை முழுதாக ஆராய்ந்து, சுத்திகரித்த குடிநீரில் மருந்தின் அளவு பொதுவாக லீற்றருக்கு 50 நனோகிராமுக்கு வெகு கீழே இருக்கிறது, உடலுக்குத் தீங்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று முடித்தது. மருந்துகளுக்கென வழிகாட்டி அளவு எதையும் அது வைக்கவுமில்லை. அந்த 50 நனோகிராமின் இரு மடங்கான 100 நனோகிராமை எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நீரை நாளுக்கு இரண்டு லீற்றர் குடிக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையின் அளவு சேர ஏறத்தாழ 6,800 ஆண்டுகள் ஆகும். பயமுறுத்தும் தலைப்புகளை எழுதுகிறவர்கள் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

மனிதருக்குச் சிறியது மீனுக்குச் சிறியதல்ல. கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு பரிசோதனை ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள் கருத்தடை மாத்திரையின் ஹோர்மோனை லீற்றருக்கு ஐந்தாறு நனோகிராம் அளவில் கலந்தார்கள். அந்த ஏரியின் சிறுமீன் இனம் ஒன்று இனப்பெருக்கம் நின்று ஏறக்குறைய இல்லாமலே போனது. சாய்ந்தமருதில் தோணா எனும் நீரோடையில் குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கிறவர், அந்த நீர் கடைசியில் மீன் வளரும் இடத்துக்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மருந்தின் அளவு மனிதருக்குச் சிறியது என்பதற்கும் விதிவிலக்கு இருக்கிறது, அது பயங்கரமானது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்ததாக 2007இல் சுவீடனின் ஜோகிம் லார்சன் குழு வெளியிட்டது. நனோகிராம் அல்ல, மில்லிகிராம். மருந்து உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடிய அளவு அது. பின்னர் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலும் மருந்துகள் அகப்பட்டன. கல்முனையில் மருந்துத் தொழிற்சாலை இல்லை. அந்த ஆபத்து இங்கே இல்லை.

இங்கே அஞ்ச வேண்டியது மருந்தின் கூடவே நடந்து வருபவற்றைத்தான். 2011இல் டெல்லியில் 50 குழாய் நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51இலும், கடைசி வரிசை மருந்துக்கும் மசியாத என்.டி.எம்.-1 மரபணு இருந்ததை லான்செட் குழும இதழ் வெளியிட்டது. மருந்து போகும் பாதையில் வைரஸும் போகும், நைத்திரேற்றும் போகும், மருந்துக்கு அடங்காத கிருமியும் போகும். கிணற்றில் கார்பமசெப்பின் ஒரு துளி கிடைத்தால் அது தன் அளவால் தீங்கு செய்யாது. ஆனால் குழி கிணற்றோடு பேசுகிறது என்பதை அது பகிரங்கமாகச் சொல்லிவிடுகிறது.

குழாய் நீர் வந்துவிட்டதே, கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். அம்பாறைக் கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்களில் கரையூர்களுக்கு வருவது பெரிய நன்மை. கைக்குழந்தைகளின் வயிற்றைக் காத்த நன்மை. ஆனாலும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தொழுகைக்கு வுழூச் செய்யவும் பல வீடுகளில் இன்றும் கிணறுதான். குழாயில் தண்ணீர் நின்ற நாளில் குடிக்கவும் அதுதான். குழாயும் கிணறும் ஒரே தாங்கியில் கலக்கும் வீடுகளும் உண்டு. இன்னொன்று: குழாய் வந்த பிறகு கழிவுநீரின் அளவு பெருகியது, அதைக் கொண்டுபோகக் குழாய் வரவில்லை. நாடு முழுவதிலுமே கழிவுநீர்க் குழாய் வசதி நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குத் திறப்பு விழா உண்டு. கழிவைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு அந்தக் கவர்ச்சி இல்லை.

தடயம் தேடுவதைப் பின்போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பாடம். மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்ததாக 2013இலிருந்து மக்கள் முறையிட்டார்கள். நீர் வழங்கல் சபையின் சோதனை ஒன்று சொன்னது, மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறொன்று சொன்னது. நடுவில் மக்கள் பவுசர் நீருக்குக் காத்து நின்றார்கள். சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. மாசு தொடங்கு முன்பே அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு இருந்திருந்தால் அந்த இழுபறி இவ்வளவு நீண்டிருக்காது.

கிழக்கிலேயே வேறொரு பாடமும் உண்டு. கடல்கோளுக்குப் பின் உப்பேறிய கிணறுகளை எல்லா நிறுவனங்களும் பம்ப் வைத்து இறைத்தன. கல்லடி, களுதாவளை, ஓட்டமாவடிக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவக ஆய்வு, திரும்பத் திரும்ப இறைப்பதால் பயன் சொற்பம், சில வேளை கீழுள்ள உப்பு மேலே வரும், உப்பைக் கழுவுவது முக்கியமாக மழைதான் என்று காட்டியது. நல்லெண்ணம் இருந்தது, உழைப்பு இருந்தது. அளவீடு பிந்தி வந்தது.

அப்படியானால் கல்முனைக்கு என்ன செய்யலாம்? விலையுயர்ந்த கருவியில் தொடங்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் சில கிணறுகளைத் தெரிந்து, வரட்சியில் ஒரு முறையும் மாரி தொடங்கி நீர்மட்டம் ஏறியதும் ஒரு முறையும் நைத்திரேற்று, குளோரைட்டு, ஈ.கோலை மூன்றையும் ஆண்டுதோறும் அளந்து எழுதிவைக்கலாம். பக்கத்தில் ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி எது? மூன்றும் உயர்ந்து நிற்கும் கிணறுகளின் நீரை மட்டும் அசெசல்பேமுக்கும் கார்பமசெப்பினுக்கும் சோதிக்க அனுப்பலாம். முடிவைக் கோப்பில் பூட்டிவைக்காமல், ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் கோயில் முன்றலிலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டலாம். குழி வெட்டும் மேசனுக்கு அடி மூடிய தாங்கி கட்டப் பயிற்சி தரலாம். பவுசர் உறிஞ்சும் மலக்கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதற்கு மாநகர சபை பதிவு வைத்திருக்க வேண்டும். அதைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் வேண்டும்.

சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றி மார்க்கத் தயக்கம் உள்ளவர்களுக்கு: 1978லேயே சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, நிறம், சுவை, மணம் நீங்கி உடலுக்குத் தீங்கில்லாத அளவுக்குச் சுத்திகரித்த நீரை வுழூவுக்குக்கூடப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. வேறு நாடுகள் சுத்திகரிப்பில் இன்னும் ஒரு படி மேலே போயின. சுவிற்சர்லாந்து 2016இலிருந்து ஏறத்தாழ நூறு சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனும் உயிர்ப்பூட்டிய கரியும் கொண்டு மருந்தை அகற்றும் வேலையில் இறங்கியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியது. கல்முனைக்கு இப்போது வேண்டியது ஓசோன் அல்ல. குழியும் கிணறும் பிரிவதுதான் வேண்டியது.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு நைத்திரேற்று இரத்தத்தின் ஒட்சிசன் ஏந்தும் வலுவைக் கெடுத்து உடலை நீலமாக்கும். பிள்ளைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள். மா கரைக்கத்தான் வேண்டும் என்றால் குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கரையுங்கள். நெருக்கமான வளவுக் கிணற்று நீரை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதற்கு எடுக்காதீர்கள்.